சீஸ் உருகுவதும் திரிவதும்

மக்ரோனி சீஸ் என்பது, முக்கால் பதம் வெந்த மக்ரோனியைச் சீஸ் உருக்கிய ஒயிட் சாஸில் புரட்டி, மேலே ரொட்டித் தூள் தூவி, மேல்பரப்பு பொன்னிறமாகும்வரை ஓவனில் சுட்டெடுக்கும் உணவு. அமெரிக்காவில், அதிலும் தென் மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்களில், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் நவம்பர் மாத நன்றி நவிலும் நாள் விருந்தும் இது இல்லாமல் நடப்பது அரிது. மக்ரோனி, பால், வெண்ணெய், மைதா, சீஸ், உப்பு. இவ்வளவுதான் சேர்மானங்கள். இருந்தும் வீட்டில் செய்யும்போது இரண்டு குறைகள் அடிக்கடி நேர்கின்றன. சாஸ் திரிந்து நாக்கில் நறநறவென்று நெருடும். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். அல்லது, உள்ளே வைக்கும்போது தளதளவென்று இருந்த கலவை வெளியே எடுக்கும்போது வறண்டு கட்டியாகியிருக்கும். முதற்குறை புரதத்தால் வருவது. இரண்டாவது மாவுச்சத்தால் வருவது. இந்த இரண்டும் எந்த வெப்பத்தில் என்ன செய்யும் என்று தெரிந்துவிட்டால், செய்முறையில் சொல்லப்படும் ஒவ்வொரு படிக்கும் காரணம் விளங்கிவிடும்.

மக்ரோனியோடு சீஸ் சேர்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் பழையது. இங்கிலாந்தின் எலிசபெத் ராஃபால்ட் 1769இல் வெளியிட்ட சமையல் நூலில், வெந்த மக்ரோனியைப் பாலேட்டோடும் மாவில் புரட்டிய வெண்ணெயோடும் கொதிக்கவிட்டு, மேலே பார்மசான் சீஸ் பரப்பும் குறிப்பு இருக்கிறது. மாவில் புரட்டிய அந்த வெண்ணெய்தான் முக்கியம்: இன்றைய ஒயிட் சாஸ் செய்யும் வேலையை அன்றே அது செய்திருக்கிறது. அமெரிக்காவில் இந்த உணவைப் பரப்பியவர் என்று அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் பெயரைச் சொல்வார்கள். 1802இல் அவர் அளித்த விருந்தில் மக்ரோனி பரிமாறப்பட்டதை விருந்தாளியாக வந்த மனாசே கட்லர் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் ஜெஃபர்சனின் வீட்டுக்குப் பிரெஞ்சுச் சமையலைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ். ஜெஃபர்சனின் அடிமையாக 1784இல் பாரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கே முறையாகத் தொழில் கற்றவர் அவர். தம் தம்பி பீட்டருக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த பிறகே 1796இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. அந்த வீட்டு மேசைக்குக் கிடைத்த பெயரில் பெரும்பங்கு இந்தச் சகோதரர்களுக்குச் சேர வேண்டியது. கறுப்பினச் சமையல்காரர்களின் கை வழியாகவே இந்த உணவு தென் மாநிலங்களின் வீட்டுச் சமையலில் நிலைத்தது.

1824இல் வந்த மேரி ராண்டால்ஃபின் ‘தி வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்’ என்ற நூல், மக்ரோனியையும் சீஸையும் வெண்ணெயையும் அடுக்கடுக்காக வைத்துச் சுடச் சொல்கிறது. 1937இல் கிராஃப்ட் நிறுவனம் மக்ரோனியையும் சீஸ் பொடியையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. பொருளாதார மந்தமும் அதன்பின் வந்த போர்க்கால ரேஷனும் அந்தப் பெட்டியை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. பெட்டிச் சரக்கு அடுப்பின் மேலேயே முடிந்துவிடும். ஓவனில் சுடும் வகைக்கு இன்னும் கைவேலை வேண்டும்.

மக்ரோனிக்கு ஏற்றது டூரம் கோதுமை. ரொட்டிக்கும் சப்பாத்திக்கும் ஆகும் கோதுமையில் 42 குரோமோசோம்கள் இருக்க, டூரத்தில் 28 மட்டுமே. இதன் மணி மிகக் கெட்டி. அரைத்தால் நைஸான மாவாகாமல் ரவையாக உடையும். புரதமும் அதிகம். லூட்டீன் என்ற நிறமி இருப்பதால் ரவை இளமஞ்சளாக இருக்கும். அதில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, முறுக்குப் பிழிவதுபோல் அச்சின் வழியே பெரும் அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். அச்சுத் துளையின் நடுவே ஓர் ஊசி நிற்பதால் மாவு குழாயாக வருகிறது. ஊசியின் ஒரு பக்கத்தில் வழி சற்று அகலம். அந்தப் பக்க மாவு வேகமாக வெளியேறுவதால் குழாய் தானாகவே முழங்கைபோல் வளைகிறது. பிறகு மெதுவாக உலர்த்துகிறார்கள். இத்தாலியில் உலர் பாஸ்டாவை டூரம் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967இலிருந்தே சட்டம் இருக்கிறது. மற்ற நாடுகளில் மைதாவில் செய்த மக்ரோனியும் கடைக்கு வருவதால் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்து வாங்குவது நல்லது.

இந்த வேறுபாடு கொதிநீரில் தெரியும். மாவைப் பிசையும்போது கோதுமைப் புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகின்றன. மாவுச்சத்து மணிகள் அந்த வலைக்குள் சிக்கியிருக்கும். வெந்நீரில் விழுந்ததும் மணிகள் 60 டிகிரி செல்சியஸை ஒட்டித் தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். அதே சமயம் புரத வலை வெந்து இறுகும். டூரத்தில் புரதம் மிகுந்தும் வலுவாகவும் இருப்பதால் மணிகள் உள்ளேயே நின்றுவிடும். மைதா மக்ரோனியில் வலை தளர்ந்து மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து வெளியேறும். தண்ணீர் கஞ்சியாகிவிடும், மக்ரோனி குழைந்துவிடும். ஓவனில் இன்னொரு முறை வேகப்போகும் உணவுக்கு இந்தக் குழைவு ஆகாது.

250 கிராம் மக்ரோனிக்கு இரண்டரை லிட்டர் தண்ணீரும், லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் உப்பும் போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே மக்ரோனியைப் போட வேண்டும். பொட்டலத்தில் குறித்த நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், குழாய்ச் சுவரின் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். தண்ணீர் இன்னும் எட்டாத மாவுச்சத்து அது. அந்த நிலையில் வடித்துவிட வேண்டும். மிச்சத் தண்ணீரை அது சாஸிலிருந்து எடுத்துக்கொள்ளும். கொதிநீரில் எண்ணெய் விடும் பழக்கத்தால் பயனில்லை. மேலே மிதக்கும் எண்ணெய் வடிக்கும்போது மக்ரோனியின்மேல் படிந்து சாஸை வழுக்கிவிடும். வடித்ததைக் குழாய்த் தண்ணீரில் அலசுவதும் வேண்டாத வேலை. மேலே ஒட்டியிருக்கும் மாவுச்சத்துதான் சாஸைப் பிடித்துவைக்கிறது.

இனி சீஸ். இந்த உணவின் வெற்றி தோல்வி எல்லாம் இதில்தான் இருப்பதால் சீஸ் எப்படி உருவாகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். பசும்பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். கேசீன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, கால்சியம் பாஸ்பேட் பசையாக ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகப் பாலில் மிதக்கின்றன. ஒவ்வோர் உருண்டையின் மேலும் கப்பா கேசீன் என்ற வகை மெல்லிய இழைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இழைகள் எதிர்மின்னூட்டம் உடையவை என்பதால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். பால் பாலாகவே இருக்கும். பாலைத் திரட்டச் சேர்க்கும் ரென்னெட்டில் உள்ள கைமோசின் என்ற நொதி அந்த இழைகளை ஒரே இடத்தில் வெட்டிவிடுகிறது. காவல் போனதும் உருண்டைகள் கால்சியத்தின் துணையோடு ஒன்றோடொன்று ஒட்டி வலையாகின்றன. கொழுப்பும் தண்ணீரும் அந்த வலைக்குள் அகப்படுகின்றன. தண்ணீரின் பெரும்பகுதியைப் பிழிந்து வெளியேற்றி, உப்புச் சேர்த்து அழுத்தினால் சீஸ். முற்காலத்தில் ரென்னெட்டைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்தார்கள். நுண்ணுயிரிகளை வைத்துத் தயாரித்த கைமோசினுக்கு அமெரிக்கா 1990இல் அனுமதி அளித்தது. இந்தியாவில் பச்சைப் புள்ளியோடு விற்கும் சீஸ்களில் கன்றின் வயிற்று நொதி இராது.

மக்ரோனிக்கு வழக்கமாகச் சேர்வது செடார். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள செடார் என்ற ஊரின் பெயர் அது. திரண்ட பாலைப் பாளங்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திருப்பித் திருப்பி வைப்பது இதன் தனி முறை. அப்படி வைக்கையில் மோர்த்தண்ணீர் வடிகிறது, புளிப்பு ஏறுகிறது, வலையில் உள்ள கால்சியத்தில் ஒரு பகுதி கரைந்து போகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் ஹார்டிங் என்ற சாமர்செட் விவசாயி இந்த முறையை வரையறுத்துப் பரப்பினார். முற்றிய செடாரில் ஏறத்தாழ 37 விழுக்காடு தண்ணீர், 33 விழுக்காடு கொழுப்பு, 25 விழுக்காடு புரதம். கடித்தால் கெட்டிப் பொருளாகத் தெரியும் இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

சூடேறும்போது இந்தக் கட்டமைப்பு இரண்டு கட்டமாகத் தளர்கிறது. 30 டிகிரியைத் தாண்டியதும் பால் கொழுப்பு உருகுகிறது. வெயில் காலத்தில் மேசையில் வைத்த செடார் துண்டின்மேல் முத்து முத்தாக எண்ணெய் வியர்ப்பது இதனால். அப்போதும் துண்டு உருக்குலையாது, ஏனென்றால் புரத வலை அப்படியே நிற்கிறது. வெப்பம் மேலும் ஏறினால் கேசீன் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்புகள் விட்டுக்கொடுத்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடத் தொடங்கும். மென்மையான சீஸ்களில் இது 55 டிகிரி அளவிலும், செடாரில் 65 டிகிரி அளவிலும், பார்மசான் போன்ற வறண்ட சீஸில் 82 டிகிரி அளவிலும் நிகழும். தண்ணீர் அதிகமுள்ள சீஸ் முந்தி உருகும். உலர்ந்தது பிந்தி உருகும்.

இந்த நிலையைத் தாண்டிச் சூடாக்கினால்தான் கேடு. புரதங்கள் மறுபடி ஒன்றையொன்று தேடிப் பிடித்து, இம்முறை முன்னைவிட நெருக்கமாகச் சுருங்கும். சுருங்கும் வலை தன்னிடமுள்ள தண்ணீரையும் கொழுப்பையும் பிழிந்து வெளியேற்றிவிடும். நாக்கில் நெருடும் பொடி, சுருங்கிய கேசீன். மேலே மிதக்கும் மஞ்சள் எண்ணெய், வலையிலிருந்து தப்பிய கொழுப்பு. ஒருமுறை இப்படித் திரிந்த புரதம் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே சீஸ் சாஸை ஒருபோதும் கொதிக்கவிடக் கூடாது.

பனீர் ஏன் உருகுவதில்லை என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. பனீர் நொதியால் திரண்டதன்று. கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுத் திரித்தது. அமிலம் கால்சியப் பசையைக் கரைத்துவிடுகிறது. மின்னூட்டமும் அற்றுப்போவதால் கேசீன்கள் நேரடியாக ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன; கொதியில் வெந்த மோர்ப் புரதங்களும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. இந்த இறுக்கம் தளரும் முன்பே தண்ணீர் வெளியேறிவிடும். அதனால்தான் பனீர் வறுபடும், சிவக்கும், ஓடாது. மக்ரோனி சீஸில் செடாருக்குப் பதில் பனீரைத் துருவிப் போட்டால் சாஸ் கிடைக்காது, துருவல்தான் கிடைக்கும்.

சீஸின் வயதும் கணக்கில் வரும். மாதக்கணக்கில் முதிரும்போது நொதிகள் கேசீனைச் சிறு துண்டுகளாக வெட்டுகின்றன. குளுட்டமேட் போன்ற சுவை மூலக்கூறுகள் விடுபடுவதால் சுவை ஆழமாகும். இளம் சீஸ் நன்றாக உருகும், ஆனால் சப்பென்று இருக்கும். இரண்டு ஆண்டு முதிர்ந்தது சுவையில் மிஞ்சும். தண்ணீர் குறைந்துவிட்டதாலும் வலை சிதைந்துவிட்டதாலும் எளிதில் எண்ணெய் விடும். எனவே நடுத்தரமாக முதிர்ந்த செடாரைப் பெரும்பங்காகவும், கூடவே கிரூயேர், கூடா போன்ற எளிதில் உருகும் ஒன்றைச் சிறுபங்காகவும் எடுப்பது நல்ல ஏற்பாடு. மொசரெல்லாவில் கவனம் வேண்டும். வெந்நீரில் இழுத்து இழுத்துச் செய்யப்படும் அந்தச் சீஸில் புரதம் நார்நாராக வரிசைப்பட்டிருக்கும். அதிகம் சேர்த்தால் சாஸ் கயிறு திரிக்கும். துருவிப் பொட்டலமிட்ட சீஸில் துருவல் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு சீராகக் கரைவதைத் தடுக்கும். கட்டியாக வாங்கி, குளிர்ச்சியாக இருக்கும்போதே துருவி, பிறகு அறை வெப்பத்துக்கு வரவிடுவதே சரி.

செடாரைத் தனியாகச் சூடாக்கினால் திரிந்துவிடும் என்பதால்தான் ஒயிட் சாஸ் தேவைப்படுகிறது. 250 கிராம் மக்ரோனிக்கு 40 கிராம் வெண்ணெய், 40 கிராம் மைதா, 750 மில்லிலிட்டர் பால், 250 முதல் 300 கிராம் சீஸ் என்பது நம்பத்தக்க அளவு. வெண்ணெயை உருக்கி, நுரை அடங்கியதும் மைதாவைக் கொட்டி, சிறு தீயில் இரண்டு நிமிடம் கிளற வேண்டும். நிறம் மாறக் கூடாது. பச்சை மாவு வாசனை மட்டும் போக வேண்டும். இந்தப் படியில் ஒவ்வொரு மாவுத் துகள்மேலும் கொழுப்புப் பூசப்பட்டுத் துகள்கள் தனித்தனியாகின்றன. அப்படிப் பூசாத மைதாவைச் சூடான பாலில் கொட்டினால், திரளின் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி, உள்ளே தண்ணீர் புகாமல் அடைத்துவிடும். கட்டிக்குள் உலர்ந்த மாவு இருப்பது இதனால்தான்.

பாலை வெதுவெதுப்பாக்கிச் சிறிது சிறிதாக ஊற்றி, கம்பிக் கரண்டியால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் கரண்டிப் பாலில் கலவை இறுகிப் பந்தாகும். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை, அடுத்தடுத்த கரண்டிகளில் தளர்ந்துவிடும். சாஸ் கொதிநிலையை நெருங்கும்போதுதான் மாவுச்சத்து மணிகள் முழுதாக உப்பி, அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை வெளியே விடுகின்றன. அதனால் இந்தக் கட்டத்தில் ஒரு கொதி வருவது அவசியம். சீஸ் சேர்ப்பதற்கு முன் கொதிக்க வேண்டும், சேர்த்த பின் கொதிக்கவே கூடாது. பலர் இந்த வரிசையை மாற்றிவிடுவதால்தான் சாஸ் கெடுகிறது.

மாவுச்சத்து சீஸை எப்படிக் காக்கிறது? சாஸ் கெட்டியாக இருப்பதால் கொழுப்புத் துளிகள் விரைவாக நகர்ந்து ஒன்றுசேர முடியாது. கேசீன்களுக்கு இடையே அமைலோஸ் சங்கிலிகளும் உப்பிய மணிகளும் புகுந்து நிற்பதால் அவை நெருங்கிச் சுருங்க வழியில்லை. கூடுதலான பால், புரதத்தின் அடர்த்தியையே குறைத்துவிடுகிறது. தனியே 65 டிகிரிக்குச் சற்று மேலேயே தடுமாறும் செடார், இந்தக் காப்பில் ஓவன் சூட்டைக்கூடக் கொஞ்ச நேரம் தாங்குகிறது.

சீஸ் சேர்க்கும் கட்டம் பொறுமையைக் கேட்கும். கொதி வந்த ஒயிட் சாஸை அடுப்பிலிருந்து இறக்கி, மூன்று நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். குமிழி அடங்கி, மேல்பரப்பில் ஆடை படியப் பார்க்கும் நேரம் அது. அப்போது ஒரு கைப்பிடித் துருவலைத் தூவிக் கிளறினால், முதலில் இழைகள் வெளிறித் தெரியும். பிறகு விளிம்பு கரைந்து, கரண்டியிலிருந்து சாஸ் கனமான நாடாவாக வழியும். இழை ஒன்றும் தெரியாதபோது அடுத்த கைப்பிடி. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் சாஸ் சட்டென்று குளிர்ந்து, பாதி உருகிய சீஸ் கட்டிகட்டியாகத் திரளும். அதைக் கரைக்க மீண்டும் அடுப்பை மூட்ட நேரும். அங்கேதான் திரியத் தொடங்கும். மெல்லிய துருவல், அணைத்த அடுப்பு, சிறிது சிறிதாக: மூன்றும் சேர்ந்தால் சாஸ் பளபளவென்று நிற்கும்.

இன்னும் உறுதியான காப்பு ஒன்று உண்டு. 1911இல் சுவிட்சர்லாந்தின் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் சீஸை சோடியம் சிட்ரேட்டோடு சேர்த்துச் சூடாக்கி, திரியாத சீஸைச் செய்தார்கள். பதப்படுத்திய சீஸின் தொடக்கம் அதுதான். சிட்ரேட், புரத வலையைப் பிணைக்கும் கால்சியத்தைத் தன்பக்கம் இழுத்து, அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. பசை போன கேசீன்கள் பிரிந்து தண்ணீரில் கரைந்து, கொழுப்புத் துளிகளைச் சுற்றிப் போர்த்திக்கொள்கின்றன. இந்தியக் கடைகளில் கட்டியாகவும் துண்டுகளாகவும் விற்கும் பதப்படுத்திய சீஸின் உறையில் 331, 339 போன்ற எண்கள் இருந்தால் அவை சிட்ரேட், பாஸ்பேட் உப்புகளைக் குறிக்கும். அத்தகைய சீஸைக் கால் பங்காகச் செடாரோடு சேர்த்தாலே சாஸ் திரியாமல் நிற்கும். சிட்ரேட்டை வீட்டிலும் செய்யலாம். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு 4 கிராமையும் சமையல் சோடா 5 கிராமையும் மூன்று நான்கு கரண்டித் தண்ணீரில் கலந்தால் பொங்கி நுரைக்கும். நுரை முழுதும் அடங்கிய பிறகு அந்தக் கரைசலை ஒயிட் சாஸில் ஊற்ற வேண்டும். 250 கிராம் சீஸுக்கு இந்த அளவு போதும். கூடினால் உப்புச் சுவை தட்டும். திரிந்துபோன சாஸில் இரண்டு மூன்று கரண்டி வெதுவெதுப்பான பாலைச் சேர்த்து வேகமாக அடித்தால் எண்ணெய் பெரும்பாலும் சேர்ந்துவிடும். நெருடல் மட்டும் கொஞ்சம் தங்கிவிடும்.

உப்பைச் சீஸ் கரைந்த பிறகே சரிபார்க்க வேண்டும். செடாரின் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு உப்பு என்பதால் 250 கிராம் சீஸே ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பைக் கொண்டுவந்துவிடும். மிளகும் சிட்டிகை சாதிக்காயும் வழக்கம். கடுகுப் பொடி சேர்ப்பதும் நெடுநாளைய வழக்கம். அதன் காரம் கொழுப்பின் திகட்டலைக் குறைக்கும். கடுகு விதையில் காரம் அப்படியே இருப்பதில்லை. பொடித்து ஈரம் பட்டதும் நொதி ஒன்று வேலை செய்து அதை உண்டாக்குகிறது. சூடான சாஸில் உலர் பொடியை நேராகப் போட்டால் நொதி செத்துப்போய் மிஞ்சுவது சிறு கசப்புதான். ஒரு கரண்டிக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் குழைத்துவைத்து, கடைசியில் கலப்பதே முறை.

மக்ரோனியைச் சாஸோடு கலந்ததும், தட்டில் வைத்தால் பரவி ஓடும் அளவுக்குக் கலவை தளர்வாக இருக்க வேண்டும். பலருக்கு இது தவறாகத் தோன்றும். உடனே மாவையோ சீஸையோ கூட்டிவிடுவார்கள். ஆனால் முக்கால் பதத்தில் நிற்கும் மக்ரோனி ஓவனுக்குள் சாஸின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போகும். மேல்பரப்பிலிருந்து ஆவியாகவும் கொஞ்சம் போகும். இறக்கி ஆறும்போது சாஸ் தானாகவும் கெட்டியாகும். இந்த மூன்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே விட்டுவைக்கும் ஈரம்தான் அந்தத் தளர்வு. கலவை கெட்டியாகத் தெரிந்தால் அரைக் குவளை சூடான பாலை ஊற்றத் தயங்க வேண்டாம். வறண்ட மக்ரோனி சீஸுக்கு இதைத் தவிர வேறு மருந்தில்லை.

சுடுவதன் நோக்கம் உள்ளே வேகவைப்பதன்று. உள்ளே எல்லாம் ஏறக்குறைய வெந்துதான் இருக்கிறது. ஓவனின் பணி, மேலே ஒரு மொறுமொறுப்பான தட்டை உண்டாக்குவது. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப் பொருள்களாக மாறும் வினையை 1912இல் பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீய் மயார் விவரித்தார்; அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் அந்த வினை வேகம் பிடிக்கும். ஈரமுள்ள இடம் 100 டிகிரியைத் தாண்டாது. எனவே பரப்பு உலர்ந்த பிறகே சிவக்கும். அதற்குள் அடியில் உள்ள சாஸ் நெடுநேரம் கொதித்துத் திரிந்துவிடும் அபாயம் உண்டு. இதைத் தவிர்க்க, ரொட்டித் தூளை ஒரு கரண்டி வெண்ணெயில் வாணலியில் இளம்பொன்னிறமாக முன்பே வறுத்துக்கொள்வது நல்ல தந்திரம். ஓவன் செய்ய வேண்டிய வேலையில் பாதி அடுப்பிலேயே முடிந்துவிடும்.

பாத்திரம் அகலமாகவும், கலவையின் உயரம் ஐந்து சென்டிமீட்டருக்கு மிகாமலும் இருந்தால் மொறுமொறுப்புப் பங்கு அதிகம் கிடைக்கும். ஓவனை 200 டிகிரியில் முன்கூட்டியே சூடேற்றி, சூடான கலவையை வைத்தால் 15 முதல் 20 நிமிடத்தில் விளிம்பில் குமிழி தெரியும். விளிம்பு குமிழியிட்டு மேலே நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும்; நடுப்பகுதியும் கொதிக்கட்டும் என்று காத்திருப்பது சாஸைக் கெடுக்கும். மேல் கம்பி மட்டும் எரியும் வசதியுள்ள சிறு மின் ஓவனில் கடைசி இரண்டு நிமிடம் அதை எரியவிடலாம், பார்த்துக்கொண்டே. வெறும் மைக்ரோவேவில் இந்தத் தட்டு வராது. அது தண்ணீரைச் சூடாக்குமே தவிர மேல்பரப்பை 140 டிகிரிக்குக் கொண்டுபோகாது.

ஒயிட் சாஸே இல்லாத இன்னொரு மரபும் அமெரிக்கத் தென் மாநிலங்களில் வலுவாக இருக்கிறது. முட்டை, பால் அல்லது சுண்டக் காய்ச்சிய டின் பால், துருவிய சீஸ் மூன்றையும் அடித்து மக்ரோனிமேல் ஊற்றிச் சுடுவது அது. இங்கே சாஸைப் பிடித்துவைப்பது மாவுச்சத்தன்று, முட்டைப் புரதம். பாலோடு கலந்த முட்டை 80 டிகிரியைத் தாண்டி இறுகும். 85ஐத் தாண்டிப் போனால் புரதம் சுருங்கித் தண்ணீர் கசியும். அதனால் ஓவன் 175 டிகிரியில் இருந்தால் போதும். பாத்திரத்தை அசைத்தால் நடுப்பகுதி லேசாக ஆடும் நிலையில் எடுத்துவிட வேண்டும். ஆறியபின் இதைத் துண்டாக வெட்டிப் பரிமாறலாம். டிரினிடாடிலும் பார்படோசிலும் மக்ரோனி பை என்றும், பின்லாந்தில் மக்ரோனிலாத்திகோ என்றும் வழங்குபவை இந்த உணவின் உறவுகள். எகிப்தின் மக்ரோனா பெஷமெல், கிரீஸின் பஸ்தீச்சியோ ஆகியவை ஒயிட் சாஸ் வழியைச் சேர்ந்தவை. இறைச்சி அடுக்கும் அவற்றில் உண்டு.

ஓவனிலிருந்து எடுத்ததும் பத்து நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும். கொதிச் சூட்டில் நீர்த்திருக்கும் சாஸ் அந்த நேரத்தில் திரண்டு மக்ரோனியைப் பற்றிக்கொள்ளும், வாயும் வேகாது. மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். குளிரில் மாவுச்சத்து மூலக்கூறுகள் மறுபடி வரிசைப்பட்டு இறுகுவதால் மறுநாள் அது பாளமாக நிற்கும். சூடாக்கும்போது இந்த இறுக்கம் பெருமளவு தளரும், ஆனால் ஈரம் வேண்டும். ஒரு பங்குக்கு இரண்டு கரண்டிப் பால் தெளித்து, மூடி போட்டு, 160 டிகிரி ஓவனிலோ சிறு தீயிலோ மெதுவாகச் சூடாக்கினால் சாஸ் திரியாது. மைக்ரோவேவில் முழுச் சக்தியில் வைத்தால் ஓரம் கொதித்து எண்ணெய் விடும். அரைச் சக்தியில் விட்டுவிட்டு வைத்து இடையிடையே கிளற வேண்டும். ஃபிரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். அதற்குமேல் வைத்துச் சாப்பிட வேண்டாம்.